இன்னும் ஆறு அங்குலம்

"ஒரே ஒரு தடவைதானுங்க டீச்சர் சொன்னேன். சத்தியமா ஒரு தடவைதான்."

நாச்சிமுத்து படியேறி வந்த வேகத்தில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கையில் நாலு பக்கக் காகிதம். கோபம் மூக்குக்கு மேல் நின்றது.

சகாயமேரி முகத்தைப் பார்க்கவில்லை. செருப்பைப் பார்த்தாள்.

அவர் திரும்பிப் போய்க் கழற்றிவிட்டு வந்தார்.

அவருக்கு வயது ஐம்பத்திரண்டு, அவளுக்கு முப்பத்தேழு. இருந்தும் அவர்தான் சீடர், அவள்தான் குரு. வித்தை சொல்லிக் கொடுக்கிறவரைப் பல்லைப் பிடித்தா வயசு பார்ப்பார்கள்? பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் கடைக்கு மேல்மாடியில், பழுதான வயர்லெஸ் பெட்டிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நாலு வருஷமாக நாச்சிமுத்து அவளிடம்தான் படிக்கிறார். அவள் பத்து வார்த்தை பேசினால் அன்றைக்கு ஊரில் மழை வரும்.

"நான் ஒரு தடவை சொன்னதை அந்த நாசமாப் போன பெட்டி ரெண்டு தடவை சொல்லியிருக்குது. பழி என் தலையில."

அவள் பெட்டிக்குள் ஈயம் ஒட்டினாள். பற்றவைக்கும் கம்பியிலிருந்து புகை எழுந்தது.

அவரே எல்லாவற்றையும் கொட்டினார்.

நரிப்பாறை அணையின் ஷட்டரை ஏற்றி இறக்குவது அவர் வேலை. முன்பெல்லாம் அங்கேயே நின்று கையால் சுற்றுவார். நாலு வருஷத்துக்கு முன்னால் மேலிடத்துக்கு ஞானம் பிறந்தது. ஷட்டரில் ஒரு வயர்லெஸ் பெட்டி, மூன்று கிலோமீட்டர் தள்ளி ஆபீஸில் ஒரு வயர்லெஸ் பெட்டி, நடுவில் ஒரு பாறை. இங்கே உத்தரவைத் தட்டினால் அங்கே ஷட்டர் நகரும். எத்தனை அங்குலம் திறந்திருக்கிறது என்று திரையில் எண்ணும் வரும். அணையில் ஆள் எதற்கு என்று காவலுக்கு இருந்தவரையும் எடுத்துவிட்டார்கள். பெட்டி வாங்கியதோ இருப்பதிலேயே மட்டமானதாகப் பார்த்து. ஆளை எடுத்த இடத்தில் வைக்கிற பெட்டியையாவது ஒழுங்காக வாங்கத் தெரிந்ததா என்றால், அதுவும் இல்லை.

போன திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவர் ஓர் உத்தரவு தட்டினார். இன்னும் ஆறு அங்குலம் தூக்கு.

மூடிக் கிடந்த ஷட்டர் பன்னிரண்டு அங்குலம் ஏறிவிட்டது.

ஆறு அங்குலம் தண்ணீர் விட்டால் ஆற்றின் நடுவில் இருக்கும் ஓடையோடு போய்விடும். அதை நம்பித்தான் கோடையில் மணலில் பாத்தி பிடித்துத் தர்பூசணி போடுகிறார்கள். பன்னிரண்டு விட்டால் பாத்தி மேல் ஏறும். ஏறிவிட்டது. பாவாத்தாள் என்கிற பெண்ணுடைய கீழ்ப்பாத்தி மொத்தமும் போயிற்று. இன்னும் நாலு நாளில் அறுக்க வேண்டிய காய். அவள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, காய்கள் ஒவ்வொன்றாக மிதந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

மேல்பாத்தி தப்பித்தது. நாற்பது கொடி. தண்ணீருக்கு ஒரு ஜாண் மேலே.

"நாளைக்குத் திங்கக்கிழமை. கடைமடையில நெல்லு பால் பிடிக்கற நேரம், தண்ணி விட்டே தீரணுமுங்க. மறுக்கா ஆறு அங்குலம். கீழ்வரப்பு கரைஞ்சு கெடக்குது, மறுக்கா அது பன்னெண்டு ஆச்சுன்னா அந்தப் பொம்பளைக்கு மிச்சம் இருக்கறதும் போச்சு."

சகாயமேரி தலையாட்டினாள்.

"நான் பாக்காத சோதனை இல்லீங்க."

உண்மைதான். 'இருக்கியா' என்று கேட்டு ஒரு பாக்கெட், அதாவது ஒரு துண்டுச் செய்தி, அனுப்பினால், அந்தப் பக்கப் பெட்டி 'இருக்கேன்' என்று ஒரு பதில் பாக்கெட் அனுப்ப வேண்டும். அதுதான் சோதனை. அவர் பத்து தடவை கேட்டார். பதிமூன்று பதில் வந்தது. வயரை மாற்றினார். ஆன்டெனாவைத் திருப்பினார். குறுக்கே இருந்த வேப்பங்கிளையை வெட்டினார். இங்கே இருக்கும் பெட்டியின் சக்தியை முழுசாக ஏற்றி, கேட்காதா உனக்கு என்று கத்தவிட்டுப் பார்த்தார். பத்துக்குப் பதினான்கு வந்தது.

"என்ன பேப்பர் அது?" என்றாள்.

"விளக்கமுங்க. இன்ஜினியர் கேட்டிருக்காரு. நாளைக்குக் குடுக்கணும்."

"படிங்க."

அவர் படித்தார். பெறுநர், பொருள், பார்வை என்று ஆரம்பித்து நாலு பக்கமும். தாம் ஒரு தடவைதான் சொன்னதற்கு ஆதாரம் ஒன்று, ஆதாரம் இரண்டு என்று ஏழு வரை போட்டிருந்தார். கடைசி வரியில் குரல் தழுதழுத்தது. முப்பது வருஷ சர்வீஸில் ஒரு கறுப்புப் புள்ளி இல்லாத மனுஷன்.

முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

அவள் பெட்டிக்குள் குனிந்திருந்தாள். விசிறி கடகடவென்று ஓடியது.

அவர் காத்திருந்தார். கனைத்தார். விசிறிச் சத்தத்தில் காதில் விழவில்லையோ என்னவோ.

சற்று உரக்க ஆரம்பித்தார். "பெறுநர், உயர்திரு..."

இரண்டாம் ஆதாரம் வரைக்கும் போய்விட்டார். அப்போதுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"ஏனுங்ணா, இப்பத்தானே படிச்சீங்க?"

"நீங்க ஒண்ணுமே சொல்லலீங்களே. கேட்டுச்சோ கேக்கலையோன்னு..."

"கேட்டுச்சு."

நாச்சிமுத்து வாயை மூடினார்.

மேஜைமேல் இருந்த பெட்டியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். காகிதத்தைப் பார்த்தார்.

அப்புறம் மெதுவாக, தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போலச் சொன்னார். அந்தப் பக்கப் பெட்டிக்கு முதல் தடவையே கேட்டிருக்கிறது. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் அனுப்புகிற மாதிரி, கேட்டுச்சு என்று ஒரு ரசீதும் அனுப்பியிருக்கிறது. அந்த ரசீது பாறையில் முட்டிச் செத்திருக்கிறது. அது வராததால் இந்தப் பக்கப் பெட்டி, பாவம், போய்ச் சேரவில்லை என்று நினைத்துத் திரும்பச் சொல்லியிருக்கிறது. பத்துக்குப் பதிமூன்று வந்ததும் அதனால்தான். நாம் இங்கே சக்தியை ஏற்றி என்ன பிரயோஜனம்? கத்துகிற வாய் பெரிதாகும், காது பெரிதாகுமா?

சகாயமேரி மறுக்கவில்லை.

"அப்ப நல்ல பெட்டியில இப்படி ஆகாதுங்களா?"

ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒரு வரிசை எண் உண்டு என்றாள். நல்ல பெட்டி அதைப் பார்க்கும். அதே எண் மறுபடி வந்தால் இது பழசு என்று தள்ளிவிடும். உங்கள் பெட்டி எண்ணைப் பார்ப்பதில்லை. வந்ததை எல்லாம் உள்ளே விட்டுவிடுகிறது.

அவ்வளவுதான். நாச்சிமுத்துவின் கோபத்துக்குப் புது விலாசம் கிடைத்துவிட்டது. செய்த கம்பெனியைத் திட்டினார். வாங்கினவனைத் திட்டினார். வாங்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவனின் ஏழு தலைமுறையையும் இழுத்தார். எட்டாவது ஆதாரமாக இதையும் எழுதப்போகிறேன் என்று பேனாவைத் தேடினார்.

"அந்தப் பெட்டிதானுங்களே டீச்சர் குத்தவாளி?"

"ஆமாங்க. அதுவுந்தான்."

'அதுவும்' அவர் காதில் ஏறவில்லை.

"புதுப் பெட்டி எப்ப வரும்?" என்று அவள் கேட்டாள்.

டெண்டர் போட்டு வர மூன்று மாசம்.

"பாறையை நகத்த முடியுமா?"

என்ன கேள்வி இது.

"நாளைக்கு எத்தனை மணிக்கு?"

"பத்து மணிக்குங்க."

அவள் தலையாட்டிவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டாள். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்றால் இதுதான். ஒரு வழி சொல்லுவாள் என்று ஞாயிற்றுக்கிழமை வெயிலில் வந்தால், மணி கேட்கிறாள்.

இதற்கு நடுவில் அந்தப் பாவாத்தாள் வேறு. செவ்வாய்க்கிழமையிலிருந்து தினமும் ஆபீஸ் வாசலுக்கு வந்துவிடுகிறாள். ஆற்றுப் படுகையிலிருந்து ஆறு கிலோமீட்டர் நடை. வந்து ஒரே ஒரு கேள்வி. எங்காட்டுல தண்ணிய உட்டது யாரு? நஷ்ட ஈட்டுக்கு மனு எழுதச் சொன்னார்கள். வேண்டாம், உட்டது யாருன்னு சொல்லுங்க என்றாள். நாற்காலி போட்டார்கள், உட்காரவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார்கள், குடிக்கவில்லை. இன்ஜினியர் வெளியே வந்து, அது ஒரு தொழில்நுட்பக் கோளாறும்மா என்றார். அது யாருங்க, எந்த ஊருங்க என்று கேட்டாள்.

முதல் நாள் நாச்சிமுத்துவுக்கு அவள்மேல் இரக்கம் வந்தது. இரண்டாம் நாள் எரிச்சல். நாலாம் நாள் ஆத்திரம். இன்று காலை, ஆறாம் நாள், ஜன்னலைத் திறந்து கத்தியேவிட்டார். நான் ஒரு தடவைதாம்மா சொன்னேன், இன்னும் எத்தனை நாளைக்கு உயிரை எடுப்பே, போம்மா அந்தாண்டே.

அதையும் சகாயமேரியிடம் சொன்னார். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"அண்ணா, நீங்க உக்காந்திருக்கற நாற்காலிய இன்னும் ஒரு அடி பின்னால தள்ளுங்க" என்றாள்.

வெளிச்சத்தை மறைக்கிறோம் போலிருக்கிறது என்று எழுந்து ஒரு அடி தள்ளினார்.

"நாற்காலிய இன்னும் ஒரு அடி பின்னால தள்ளுங்க."

தள்ளினார்.

"இன்னும் ஒரு அடி."

இதென்ன கூத்து. இருந்தாலும் டீச்சர் சொல்லைத் தட்டிப் பழக்கமில்லை. தள்ளினார். இன்னும் ஒரு அடி. தள்ளினார். நாற்காலியின் பின்காலிரண்டும் வாசற்படியைத் தாண்டின. இன்னும் ஒரு அடி. இப்போது நாற்காலி மொட்டை மாடியில், பட்டப்பகல் வெயிலில். அவர் அதன் பின்னால், வெறுங்காலோடு.

சிமெண்டுத் தரை தோசைக்கல்லாகக் கொதித்தது. கீழே பஸ்ஸுக்கு நின்ற நாலு பேர் அண்ணாந்து பார்த்தார்கள்.

"கதவைச் சாத்துங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அவர் வெளியில் நின்றபடியே கதவை இழுத்துச் சாத்தினார். சாத்திய பிறகுதான் தாம் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று உறைத்தது.

"கதவைச் சாத்துங்க."

"சாத்திட்டனுங்க."

"கதவைச் சாத்துங்க."

நாச்சிமுத்துவுக்குப் பொறுமை போயிற்று. ஐம்பத்திரண்டு வயசு, பேரன் எடுத்த மனுஷன். நட்டநடு வெயிலில் நாற்காலியோடு நிற்க வைத்து, ஊர் பார்க்க, இது என்ன விளையாட்டு? ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு கதவைப் பார்த்துக் கத்தினார்.

"சாத்தித்தானுங்க இருக்குது. இன்னும் எத்தனை தடவை சொன்னாலும் சாத்தித்தான் இருக்கும். சாத்தின கதவை இன்னும் என்னத்தைச் சாத்தறது?"

உள்ளே சத்தமில்லை.

அவர் நின்றார்.

தூக்கின காலைக் கீழே வைத்தார். சூடு தெரியவில்லை.

கீழே ஒரு பஸ் வந்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு போயிற்று. அவர் இன்னும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு திறந்துகொண்டு உள்ளே வந்தார். நாற்காலியை எடுத்து வரவில்லை.

"'இன்னும் ஆறு அங்குலம்'னு அந்த உத்தரவை எழுதி வச்சது நான்தானுங்க டீச்சர்."

அவள் கேட்டுக்கொண்டாள்.

பெட்டி வந்த புதிதில், உத்தரவை எந்த வார்த்தையில் எழுதலாம் என்று அவரைத்தான் கேட்டார்கள். இருபது வருஷம் கையால் சுற்றிய பழக்கம். ஒரு சுற்றுக்கு ஓர் அங்குலம். மேஸ்திரி கரையில் நின்று, இன்னும் ஆறு சுத்து என்பார். இவர் எண்ணி ஆறு சுற்றுவார். அந்தப் பேச்சை அப்படியே பெட்டிக்கும் எழுதிவிட்டார். அதில் அவருக்குப் பெருமைகூட.

"'ஆறுல நில்லு'ன்னு எழுதியிருந்தா, அது நூறு தடவை கேட்டாலும் ஆறுலதானுங்களே நிக்கும்."

சகாயமேரி ஒரு திருகாணியை எடுத்து முடுக்கினாள்.

அவர் அதோடு கிளம்பியிருக்கலாம். நாளைக்கு வேண்டியது கிடைத்தாயிற்று. பத்து நிமிஷ வேலை. உத்தரவில் ஒரு வார்த்தையை மாற்றினால் நாற்பது கொடியும் பிழைத்தது. ஆனால் அவர் கிளம்பவில்லை.

"டீச்சர்."

"சொல்லுங்க."

"அன்னைக்குத் திரையில பன்னெண்டுன்னு காட்டுச்சுங்க."

அவள் திருப்புளியைக் கீழே வைத்தாள். அவர் வந்ததிலிருந்து கையை வேலையிலிருந்து எடுத்தது அப்போதுதான்.

"பாத்தனுங்க. ரெண்டு கண்ணால பாத்தேன். நாமதான் ஒரு தடவைதானே சொன்னோம், பன்னெண்டு எப்படி ஆகும், இந்தப் பெட்டி பொய் காட்டுதுன்னு நெனச்சுட்டு டீ குடிக்கப் போயிட்டேன். அப்பவே இறக்கியிருந்தா பாத்திக்குத் தண்ணி போயிருக்காதுங்க."

விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

சகாயமேரி மேஜைமேல் கிடந்த நாலு பக்கத்தையும் எடுத்தாள். ஒவ்வொன்றாகப் புரட்டினாள். முன்பக்கம், பின்பக்கம்.

"இதை எந்தப் பக்கத்துல எழுதியிருக்கீங்க?"

நாச்சிமுத்து திரும்பினார். படியிறங்கிப் போய்விட்டார். காகிதங்கள் அவள் கையிலேயே இருந்தன.

திங்கட்கிழமை காலை இன்ஜினியர் மேஜைக்கு ஒரு விளக்கம் போயிற்று. அஞ்சு வரி. அவர் இரண்டு முறை படித்துவிட்டு, ஏன்யா உனக்குப் பைத்தியமா, கோளாறுன்னே எழுதிடலாமே, நான் பார்த்துக்கறேனே என்றார். பார்த்துக்கொள்கிறாராம். ஆறு நாள் ஒரு பொம்பளை வாசலில் நின்றபோது பார்த்துக்கொண்டுதானே இருந்தார். நாச்சிமுத்து, அப்படியே இருக்கட்டுங்க என்று சொல்லிவிட்டுத் தம் நாற்காலிக்கு வந்தார்.

பத்து மணிக்கு, மாற்றி எழுதிய உத்தரவைத் தட்டினார். ஆறில் நில்.

ஷட்டர் நகர ஆரம்பித்தது. இரண்டு, மூன்று, ஐந்து. உத்தரவு இரண்டு தடவை போய்ச் சேர்ந்ததாகப் பதிவாயிற்று. பாறையும் அதேதான், பெட்டியும் அதேதான். திரையில் ஆறு வந்தது. ஆறிலேயே நின்றது. அவர் அரைமணி நேரம் கண் கொட்டாமல் உட்கார்ந்திருந்தார். டீ வந்தது, குடிக்கவில்லை.

அப்புறம் பக்கத்து ஆளைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்து, எண் மாறினால் அந்த நிமிஷமே இறக்கு, என்னைக் கேட்காதே என்று சொல்லிவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனார்.

தண்ணீர் நடு ஓடையோடு போய்க்கொண்டிருந்தது. கலங்கல் இல்லாமல், அவசரம் இல்லாமல். மேல்பாத்திக்கு வெகு கீழே.

பாத்தி ஓரத்தில் பாவாத்தாள் மண்வெட்டியோடு நின்றாள். விடியற்காலையிலிருந்து மணலை வெட்டி வரப்புப் போட்டிருக்கிறாள். இடுப்புவரை சேறு. இன்று ஆபீஸுக்கு வராததற்கு அதுதான் காரணம். அந்த ஆபீஸை நம்பி யார் சும்மா இருப்பார்கள்?

அவரைப் பார்த்ததும் மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தாள். அதே கேள்வி. அதே குரல். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"எங்காட்டுல தண்ணிய உட்டது யாரு?"

நாச்சிமுத்து மணலில் இறங்கி அவளுக்கு எதிரே வந்து நின்றார்.

"நான்தான் அம்மிணி. பன்னெண்டு அங்குலம்னு காட்டுச்சு. பாத்தேன். பாத்தும் நம்பாம எந்திரிச்சுப் போயிட்டேன்."

பாவாத்தாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. சேற்றுக் கையாலேயே துடைத்துக்கொண்டாள். துடைத்த கையோடு மண்வெட்டியைத் தூக்கி எறிந்தாள்.

"இந்த ஒரு வார்த்தைக்கா என்னைய ஆறு நாள் நடக்க உட்டீங்க?"